மகள் செப்சிஸ் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்றால்

அன்புள்ள அம்மா,

நர்சிங் இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகள், ஐசியு பயிற்சி முடித்து வந்த நாளிலிருந்து "செப்சிஸ் ஆராய்ச்சிக்குத்தான் போவேன்" என்று ஒற்றைக் காலில் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு இரண்டு கவலைகள். ஆராய்ச்சி என்றால் டாக்டர்கள் செய்வது, அங்கே நர்சுக்கு ஃபைல் தூக்கும் வேலைதானே கிடைக்கும் என்பது ஒன்று. மாதாமாதம் சம்பளம் நிற்காமல் வருமா என்பது இன்னொன்று. முதல் கவலை தேவையே இல்லாதது. இரண்டாவது நியாயமானது, அதற்கு வழியும் உண்டு. இரண்டையும் பேசுவதற்கு முன், அவர் எதன் மேல் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறார் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நுரையீரலிலோ சிறுநீர்ப்பாதையிலோ வயிற்றிலோ ஒரு சின்னக் காயத்திலோ நோய்த்தொற்று ஏற்படுகிறது. அதை எதிர்க்கக் கிளம்பும் உடலின் தற்காப்பு கட்டுமீறிப் போய், சொந்த உறுப்புகளையே சேதப்படுத்த ஆரம்பித்தால் அதற்குப் பெயர் செப்சிஸ். ரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீர் குறையும், மூச்சு வாங்கும், நினைவு தடுமாறும். 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க ஏறத்தாழ 4.89 கோடிப் பேருக்கு செப்சிஸ் வந்தது, 1.1 கோடிப் பேர் இறந்தார்கள் என்று 2020இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அந்த ஆண்டு நடந்த மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. நோய் வந்தவர்களில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஐந்து வயதைத் தாண்டாத குழந்தைகள். ஐசியுவில் சில வாரங்கள் நின்ற ஒரு பெண்ணுக்கு இது மனதைவிட்டுப் போகவில்லை என்றால் அதில் ஆச்சரியம் இல்லை.

இத்தனை பெரிய நோய்க்கு, அதற்கென்றே எல்லோரும் ஒப்புக்கொண்ட தனி மருந்து இன்னும் கிடையாது. 2001இல் ஒன்று அங்கீகாரம் பெற்றது. பிறகு நடந்த பெரிய ஆய்வில் அது உயிர் காக்கவில்லை என்று தெரிந்ததும், 2011இல் தயாரித்த நிறுவனமே உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. இன்றைக்கும் சிகிச்சை என்பது தொற்றைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது, சரியான ஆன்டிபயாட்டிக்கைச் சரியான நேரத்தில் கொடுப்பது, சலைனையும், இறங்கிய ரத்த அழுத்தத்தை உயர்த்தும் பிரஷர் மருந்தையும் அளவோடு ஏற்றுவது, உறுப்புகள் மீளும்வரை தாங்கிப் பிடிப்பது, இவ்வளவுதான். எவ்வளவு சலைன், எப்போது நிறுத்துவது, எதைப் பார்த்து முடிவெடுப்பது என்பதில் எல்லாம் இன்னும் கேள்விகள் மிச்சம். உங்கள் மகளின் பணிக்காலம் முழுவதற்கும் வேலை இருக்கிறது.

சரி, இதில் நர்சுக்கு என்ன இடம்?

2001இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரே மருத்துவமனை, 263 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டது. முதல் ஆறு மணி நேரத்தில் சில அளவுகளை இலக்காக வைத்துத் தீவிரமாகச் சிகிச்சை கொடுத்ததில் இறப்பு 46.5 சதவீதத்திலிருந்து 30.5 சதவீதமாகக் குறைந்தது. உலகமே அதைப் பின்பற்றியது. ஆனால் ஓர் ஊரின் ஒரு மருத்துவமனையில் கிடைத்த முடிவு எல்லா இடத்துக்கும் பொருந்துமா? அமெரிக்காவில் 31 மருத்துவமனைகள், இங்கிலாந்தில் 56, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தை மையமாகக் கொண்டு 51 என மூன்று குழுக்கள் தனித்தனியாகச் சோதித்தன. 2014இலும் 2015இலும் முடிவுகள் வந்தன. மொத்தம் 4,000க்கும் அதிகமான நோயாளிகள். வழக்கமான நல்ல சிகிச்சையைவிட அந்த முறை கூடுதலாக உயிர் காக்கவில்லை. அதற்குள் வழக்கமான சிகிச்சையே முன்னேறியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அந்த மூன்று குழுக்களும் எதை எப்படி அளப்பது, எதை எப்படிப் பதிவு செய்வது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டதுதான். அதனால்தான் 2017இல் மூன்றின் தரவுகளையும் ஒன்றாகச் சேர்த்து ஆராய முடிந்தது.

நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் ஒரே மாதிரி அளந்து ஒரே மாதிரி எழுதுவது யார் என்று யோசித்துப் பாருங்கள். பேராசிரியர்கள் எல்லா இடத்திலும் நிற்க முடியாது.

இன்னும் பக்கத்தில் போய்க் காட்டுகிறேன். 2019இல் தென் அமெரிக்காவின் ஐந்து நாடுகளில் 28 ஐசியுக்கள் சேர்ந்து 424 நோயாளிகளிடம் நடத்திய ஓர் ஆய்வு வெளியானது. ரத்தத்தில் லாக்டேட் அளவைப் (உடலின் திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது கூடும் பொருள்) பார்த்துச் சிகிச்சையை நகர்த்துவது நல்லதா, விரல் நுனியில் ரத்தம் திரும்பும் நேரத்தைப் பார்த்து நகர்த்துவது நல்லதா என்பது கேள்வி. முறை எளிது. நோயாளியின் வலது ஆள்காட்டி விரல் நுனியின் உட்பக்கத்தில் ஒரு கண்ணாடி ஸ்லைடை வைத்து, தோல் வெளுக்கும் வரை அழுத்தி, பத்து வினாடி அப்படியே பிடிக்க வேண்டும். விட்டதும் பழைய நிறம் வர எத்தனை வினாடி என்று கடிகாரத்தில் பார்க்க வேண்டும். மூன்று வினாடிக்கு மேல் போனால் ரத்த ஓட்டம் போதவில்லை. அது சரியாகும் வரை அரை மணிக்கு ஒரு முறை இதையே செய்ய வேண்டும். ஒருவர் லேசாகவும் இன்னொருவர் பலமாகவும் அழுத்தினால், ஒருவர் ஐந்து வினாடியிலேயே விட்டுவிட்டால், அந்த ஆய்வு ஒன்றுக்கும் உதவாது. இந்த ஒழுங்கு நல்ல ஐசியு நர்சுக்குக் கைவந்த விஷயம்.

ஆய்வை ஒருங்கிணைக்கும் வேலையும் இப்படித்தான். ரிசர்ச் கோஆர்டினேட்டர் அல்லது ரிசர்ச் நர்ஸ் என்று பெயர். காலையில் வார்டுக்குப் போய் நேற்றிரவு வந்தவர்களில் ஆய்வுக்குப் பொருந்துபவர் உண்டா என்று பார்ப்பார். நோயாளி மயக்கத்தில் இருப்பார், அதனால் கலங்கி நிற்கும் உறவினரிடம் உட்கார்ந்து, இது என்ன ஆய்வு, வேண்டாம் என்றால் சிகிச்சை எதுவும் குறையாது என்று புரிய வைத்து ஒப்புதல் கேட்பார். நோயாளி தெளிந்த பிறகு அவரிடமும் கேட்க வேண்டியிருக்கும். எதிர்பாராத பாதிப்பு நேர்ந்தால் நெறிமுறைக் குழுவுக்குக் காலக்கெடுவுக்குள் தெரிவிப்பார். பிறகு நேரம் பார்க்கும் வேலை. செப்டிக் ஷாக், அதாவது ரத்த அழுத்தம் அபாயகரமாக இறங்கிவிட்ட செப்சிஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் போக வேண்டும் என்கிறது 2021ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டி நெறி. மருந்து எழுதப்பட்ட நேரம் ஒன்று, மருந்து நரம்பில் ஏறிய நேரம் வேறு. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர் அதற்கு முன்னால் எடுத்ததா பின்னால் எடுத்ததா? இந்த நுணுக்கம் தெரிந்தவர் படிவத்தை நிரப்பினால்தான் ஆய்வின் முடிவை நம்பலாம். ஃபைல் தூக்கும் வேலை என்று இதைச் சொல்ல முடியாது.

நர்ஸ்கள் தாங்களே கேள்வி எழுப்பி ஆய்வை நடத்தும் இடமும் ஒன்று இருக்கிறது. நான் உங்கள் மகளுக்குப் பரிந்துரைப்பது அதைத்தான். செப்சிஸிலிருந்து பிழைத்தவர்கள் வீடு திரும்பிய பிறகு என்ன ஆகிறார்கள்? கை கால் பலமில்லாமல், ஞாபகம் சிதறி, தூக்கத்தில் பயந்து எழுந்து, மாதக்கணக்கில் பழைய நிலைக்கு வராதவர்கள் நிறைய. கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாரும் சேர்ந்து உடைந்துபோகிறார்கள். படுக்கையிலிருந்து எப்போது எழுப்பி உட்கார வைப்பது, டிஸ்சார்ஜ் நேரத்தில் என்ன சொல்லி அனுப்புவது, யாரை எப்போது திரும்ப வரச் சொல்வது என்பன போன்ற கேள்விகளுக்குப் பதில் தேட, பக்கத்தில் இருந்து பார்த்தவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இந்தத் துறைக்குள் வர நர்சிங்கும் மருத்துவமும் மட்டும்தான் வாசல் என்று இல்லை. மைக்ரோபயாலஜி, மருந்தியல், நோய் எதிர்ப்பியல், பிசியோதெரபி, எல்லாவற்றுக்கும் மேலாகப் புள்ளியியல். நல்ல பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் (மருத்துவப் புள்ளியியல்) ஆள் கிடைக்காமல் திண்டாடும் ஆய்வுக் குழுக்கள் ஏராளம். கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளுக்கு, பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றின் ஐசியு பதிவுகள் அடையாளங்கள் நீக்கப்பட்டு 'மிமிக்' என்ற பெயரில் ஆராய்ச்சிக்குக் கிடைக்கின்றன. ஒரு சிறு பயிற்சியை முடித்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் போதும், கட்டணம் இல்லை. ஆனால் வார்டு தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் அதைத் தொடக்கூடாது. லாக்டேட் பரிசோதனை ஒருவருக்கு ஏன் செய்யப்பட்டது, இன்னொருவருக்கு ஏன் செய்யப்படவில்லை என்பது தெரியாதவர், அந்த எண்ணை வைத்துத் தவறான முடிவுக்குத்தான் வருவார்.

இனி சம்பளம். ஆராய்ச்சிப் பணிகளில் பெரும்பாலானவை நிதியோடு கட்டப்பட்டவை. ஆய்வு முடிந்தால் ஒப்பந்தமும் முடியும். இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை சொல்ல எனக்கு மனமில்லை. அதனால் என் ஆலோசனை, படிப்பு முடிந்ததும் நேராக ஆராய்ச்சிக்குப் போக வேண்டாம். முதலில் ஐசியுவில் இரண்டு மூன்று வருடம் நர்சாகவே வேலை செய்யட்டும். வென்டிலேட்டர், டயாலிசிஸ், பிரஷர் மருந்து எல்லாம் கைக்குப் பழகட்டும். நர்சிங் பதிவை ஒருபோதும் காலாவதியாக விடக்கூடாது. நாளைக்கு ஓர் ஆய்வு முடிந்து அடுத்தது கிடைக்கத் தாமதமானாலும், அனுபவமுள்ள ஐசியு நர்ஸ் வேலையில்லாமல் இருக்க மாட்டார். அந்த வருடங்களிலேயே மருத்துவ ஆய்வுக்கான நன்னடத்தை விதிகளில் சான்றிதழ் வாங்கிவிடலாம், இணையத்திலேயே முடிக்கலாம். ஆய்வு நடக்கும் மருத்துவமனையாகப் பார்த்துச் சேர்ந்தால் வாரத்தில் சில மணி நேரம் அந்த வேலைக்குக் கேட்டு வாங்கலாம். அப்புறம் முதுநிலைப் படிப்பு. நர்சிங், நோய்ப்பரவலியல், கிளினிக்கல் ரிசர்ச் என எதுவானாலும் சரி, பாடத்திட்டத்தில் புள்ளியியல் கனமாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கட்டும். பிஎச்.டி. பற்றி அதற்குப் பிறகு யோசித்தால் போதும்.

பணம் கட்டினால் செப்சிஸ் நிபுணர் பட்டயம், பணம் கட்டினால் கட்டுரையில் பெயர், பணம் கட்டினால் சர்வதேச மாநாட்டில் பேச அழைப்பு என்று மின்னஞ்சல்கள் வரும். ஒன்றுக்கும் ஒரு காசு கொடுக்க வேண்டாம். உழைத்தவர் பெயர் கட்டுரையில் வருவதற்கு உலகளவில் ஒப்புக்கொண்ட விதிகள் இருக்கின்றன. பெரிய கூட்டு ஆய்வுகளில் முதல் பக்கத்தில் பெயர் வராமல், பங்கேற்றோர் பட்டியலில் ஒரு வரியாக வரலாம். அதைக் குறைவாக நினைக்காதீர்கள். அடுத்த வேலைக்குத் தேர்வு செய்பவர்களுக்கு அந்த வரியின் மதிப்பு தெரியும்.

நேர்காணலுக்குப் போகும்போது அவரும் திருப்பிக் கேள்வி கேட்க வேண்டும். இந்த ஆய்வுக்கு நிதி எத்தனை வருடத்துக்கு இருக்கிறது? யாருக்கு நான் பதில் சொல்ல வேண்டும், டாக்டருக்கா, ஆராய்ச்சி அலுவலகத்துக்கா? எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலேயே அந்தக் குழு தன் ஆட்களை வளர்க்கிறதா, பிழிந்து அனுப்புகிறதா என்பது தெரிந்துவிடும்.

மனசைப் பற்றியும் பேச வேண்டும். காலையில் ஒப்புதல் கேட்ட குடும்பத்திடம் மாலையில் மரணச் செய்தியோடு நிற்க வேண்டி வரும். வருடக்கணக்கில் உழைத்த ஆய்வு, வித்தியாசம் எதுவும் இல்லை என்று முடியும். அந்த விரல் நுனி ஆய்வில்கூட இறப்பு விரல் நுனியைப் பார்த்த பக்கம் 34.9 சதவீதம், லாக்டேட்டைப் பார்த்த பக்கம் 43.4 சதவீதம். இருந்தும் அந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க முடியாது என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு நோயாளிகள் எண்ணிக்கை போதவில்லை. அதை அப்படியே எழுதி வெளியிட்டார்கள். இந்த நேர்மையை ஏற்றுக்கொள்ளும் பொறுமை உங்கள் மகளுக்கு இருக்கிறதா என்பதை ஐசியுவில் கழிக்கும் முதல் வருடங்களே காட்டிக்கொடுக்கும். அவர் வேலை முடிந்து வரும் நாட்களில் என்ன நடந்தது என்று கேளுங்கள், அறிவுரை சொல்லாமல் கேளுங்கள்.

கடைசியாக, இதற்கு வெளிநாடு போயே ஆக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆரம்பத்தில் தேவையில்லை. 2011இல் கென்யா, உகாண்டா, தான்சானியா மருத்துவமனைகளில் கடும் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவுமாக வந்த 3,141 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. வேகமாகத் திரவம் ஏற்றப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இரண்டு நாளுக்குள் இறந்தார்கள். அப்படி வேகமாக ஏற்றப்படாதவர்களில் அது ஏழு பேர் அளவில்தான் இருந்தது. வசதி மிகுந்த ஐசியுக்களில் எழுதப்பட்ட நெறியை அப்படியே எடுத்து வந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் கிடைக்கும் வசதியோடு, அங்கே வரும் நோயாளிகளிடமே கேட்க வேண்டிய கேள்வி அது. பல நாட்டுக் கூட்டு ஆய்வுகளுக்கு எல்லா விதமான மருத்துவமனைகளும் தேவை. எனவே தான் பயிற்சி பெறும் மருத்துவமனையிலேயே தீவிர சிகிச்சைப் பிரிவில் இப்போது என்னென்ன ஆய்வுகள் நடக்கின்றன, யார் ஒருங்கிணைக்கிறார்கள் என்று உங்கள் மகள் முதலில் விசாரிக்கட்டும். பெரிய குழுவில் பயிற்சி வேண்டும் என்று தோன்றினால், பிஎச்.டி. கட்டத்தில், தன் கேள்வி இன்னது என்று தெளிவாகத் தெரிந்த பிறகு வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கலாம். வழிகாட்டியாக வரப்போகிறவரிடம் முன்பு படித்தவர்கள் இரண்டு பேரிடமாவது பேசிவிட்டு அந்த முடிவை எடுக்கச் சொல்லுங்கள்.