கழுத்தை அழுத்திய பிறகும் வலி ஏன் திரும்புகிறது?

கேள்வி: ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கழுத்தும் வலது தோளும் எந்நேரமும் இறுகி வலிக்கின்றன. வேலூரில் கைரோபிராக்டிக் சிகிச்சை எடுத்தேன். கழுத்தையும் முதுகையும் அழுத்திச் சொடக்கு எடுத்ததும் இரண்டு மூன்று நாட்கள் சுகமாக இருந்தது. பிறகு அதே வலி. தசைக்கும் தனியாகச் சிகிச்சை வேண்டும் என்கிறார்கள். இது அவசியமா, பணம் பிடுங்கும் வழியா?
– வாசகி, ஆம்பூர்

பதில்: உங்கள் விஷயத்தில் அவசியம் என்பதே என் கருத்து. 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் கைரோபிராக்டிக் முறையைத் தொடங்கிய டேனியல் டேவிட் பாமர், முதுகெலும்பு விலகுவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்று கருதினார். இன்றைய மருத்துவம் அதை ஏற்பதில்லை. நீங்கள் கேட்ட சத்தமும் விலகிய எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்த சத்தமன்று. மூட்டுத் திரவத்தில் வாயு வெளிப்படுவதால் எழுவது. அழுத்தும்போது மூட்டு சற்று இளகுகிறது, நரம்புகளின் வழியே வலியுணர்வும் சிறிது காலம் தணிகிறது. அவ்வளவுதான்.

மறுநாள் நீங்கள் மெஷினில் அமர்ந்து, தலையைக் குனிந்து, தோளைத் தூக்கியபடி தைக்கத் தொடங்கியதும், ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள தலையைக் கழுத்தின் பின்புறத் தசைகள் மணிக்கணக்கில் ஓய்வின்றித் தாங்குகின்றன. இடது கை விரல்களால் வலது தோளுக்கும் கழுத்துக்கும் இடையிலுள்ள சரிவை அழுத்திப் பாருங்கள். கயிறுபோல் திரண்ட ஓரிடம் தட்டுப்படலாம், அதை அழுத்தும்போது காதுக்குப் பின்னும் நெற்றிப்பொட்டிலும் வலி பரவலாம். அப்படியானால் வலியில் பெரும்பங்கு தசையினுடையது. மூட்டை மட்டும் அழுத்தி அதைத் தீர்க்க முடியாது.

நல்ல சிகிச்சையாளர் அந்த முடிச்சை நிதானமாக அழுத்திப் பிடித்துத் தளர்த்துவார். தம் கையின் எதிர்ப்புக்கு எதிராக உங்களைச் சில விநாடிகள் மெதுவாகத் தள்ளச் சொல்லி, விட்டவுடன் தசையை நீட்டுவார். தசை முதலில் தளர்ந்தால் மூட்டை வேகமாக அழுத்தவேண்டிய தேவையும் குறையும். ஆனால் நீவி விடுவதோடு நின்றால் அதன் பலனும் சில நாட்களுக்குத்தான். தோள்பட்டைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி, நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்வது, அரைமணிக்கு ஒருமுறை தலை நிமிர்ந்து தோள்களைச் சுழற்றுவது ஆகியவையும் சேரவேண்டும். தொழுநோயால் மடங்கிய விரல்களுக்கு வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களை மாற்றிப் பொருத்தியபோதும், அந்தத் தசைக்குப் புதிய வேலையைப் பழக்கிய பயிற்சியாளர்களின் உழைப்பின்றிக் கை முழுப் பயன் தரவில்லை என்பதை வேலூர்ப் பகுதியினர் பெருமையோடு நினைக்கலாம்.

பல வாரங்களுக்கான கட்டணத்தை முன்னதாகக் கட்டாதீர்கள். வீட்டில் செய்யவேண்டிய பயிற்சியைச் சொல்லித் தராதவரிடம் தொடர வேண்டாம். கழுத்தை வேகமாகத் திருப்புவதால் மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் கிழிவது அரிது என்றாலும் நேரக்கூடியது. ஆகவே அதை மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சிகிச்சைக்குப் பின் தலைசுற்றல், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கையில் மரத்துப்போதலோ பலக்குறைவோ இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் தந்தை தறி நெய்தவர். இரண்டு மாதங்களாக நடுமுதுகில் வலி. மாலையில் காய்ச்சல், உடலும் மெலிந்துவிட்டது. நீவி விடலாமா, கைரோபிராக்டிக் பார்க்கலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: இப்போது இரண்டும் வேண்டாம். முதுகுவலியோடு காய்ச்சலும் மெலிவும் சேர்ந்தால் முதுகெலும்பில் காசநோயோ புற்றுநோயோ இருக்கிறதா என்று பார்த்தாகவேண்டும். அரித்துப்போன எலும்பை அழுத்தினால் தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கால்கள் செயலிழக்கக்கூடும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். காசநோய் என்றால் மருந்து இலவசமாகவே கிடைக்கும். கால் பலமிழந்தாலோ சிறுநீர் வராமல் நின்றாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.