1970 ஹெரால்டுக்காகக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. கோயம்புத்தூரில் தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். பிடித்தம் போக மாதம் 92,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணை 31,000, வீட்டுச் செலவு 36,000, மகளின் கல்லூரிப் படிப்புக்கான எஸ்ஐபி (மாதந்தோறும் பரஸ்பர நிதியில் போடும் முதலீடு) 10,000. வங்கி வைப்பில் 2.50 லட்சம் உள்ளது. என் தந்தை ஓட்டிய வண்டியைப் போன்றே நான்கு கதவுள்ள 1970-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றை 1.40 லட்சத்துக்கு வாங்கி, அதைப் புதுப்பிக்க இதுவரை 2.40 லட்சம் செலவழித்துவிட்டேன். முடிக்க இன்னும் 4.50 லட்சம் ஆகும் என்கிறார் ஷெட்காரர். முடித்தால் 10 லட்சத்துக்குப் போகும், இது முதலீடுதான் என்கிறார்கள். 14 சதவீத வட்டியில் ஐந்தாண்டுத் தனிநபர் கடன் வாங்கலாமா, அல்லது மனைவியின் நகையை அடகு வைக்கலாமா? ஞாயிறுதோறும் குடும்பத்தோடு மருதமலைக்கு அதில் போக வேண்டும் என்பது என் ஆசை.

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது வண்டி அல்ல, ‘முதலீடு’ என்ற சொல். செலவு என்று நினைத்திருந்தால் கடன் வாங்கும் எண்ணமே உங்களுக்கு வந்திராது. வாங்கிய விலை உட்பட மொத்தம் 8.30 லட்சம் வண்டியில் போடுகிறீர்கள் என்றும், பராமரிப்பு, காப்பீடு, நிறுத்துமிடம் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் ஆகிறது என்றும் கொள்வோம். இந்தப் பணம் 7 சதவீத வட்டி தரும் சாதாரண வைப்பில் இருந்தால் வரக்கூடிய தொகையை, பத்தாண்டு கழித்து வண்டி ஈட்ட வேண்டுமானால், அது 20 லட்சத்துக்கு மேல் விலைபோக வேண்டும். உங்களுக்குச் சொல்லப்பட்ட 10 லட்சமோ விற்பவர்கள் கேட்கும் விலை. பணம் கைமாறிய விலை என்று யாரும் ரசீது காட்டியிருக்க மாட்டார்கள்.

இனி கடன் கணக்கு. 4.50 லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 10,470 ரூபாய். ஐந்தாண்டில் வட்டி மட்டும் 1.78 லட்சம். இப்போது உங்களிடம் மாதம் மிஞ்சும் 15,000 ரூபாயில் 4,500 மட்டுமே எஞ்சும். அதைவிட, மிஞ்சுவதில் 9,000 ரூபாயை வண்டிக்கென்று தனிக் கணக்கில் சேர்த்தால் 50 மாதங்களில் அதே 4.50 லட்சம் சேர்ந்துவிடும். கடன் வழியில் மாதம் 10,470 வீதம் 60 மாதம் கட்டுகிறீர்கள். சேமிப்பு வழியில் மாதம் 9,000 வீதம் 50 மாதம் கட்டுகிறீர்கள். இடையில் கூலியும் உதிரிபாக விலையும் ஏறத்தான் செய்யும். அப்படியிருந்தும் இரண்டாவதே எனக்குச் சரியாகப் படுகிறது, ஏனெனில் வேலை போனாலோ மருத்துவச் செலவு வந்தாலோ சேமிப்பை நிறுத்தலாம், தவணையை நிறுத்த முடியாது. மீதி 6,000 ரூபாயை வைப்பில் சேருங்கள். தவணையும் வீட்டுச் செலவுமாக ஆறு மாதத் தேவையே 4 லட்சத்தைத் தாண்டும் நிலையில், 2.50 லட்சம் போதாது. எஸ்ஐபி-யைத் தொட வேண்டாம்.

ஷெட்காரர் சொன்ன 4.50 லட்சம் நிலைக்கும் என்றும் நம்ப வேண்டாம். சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான இந்த வண்டி, பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டைப் போலவே, தனி சேசிஸின் (அடிச்சட்டத்தின்) மேல் பாடியைப் போல்ட் போட்டுப் பொருத்திய அமைப்பு கொண்டது. பாடியைக் கழற்றிய பிறகுதான் சேசிஸில் எவ்வளவு துரு என்பது தெரியும். அதுவரை முந்தைய உரிமையாளர்கள் பூசிய பட்டி (பள்ளம் நிரப்பும் பூச்சு) எல்லாவற்றையும் மூடியிருக்கும். எஞ்சின், பிரேக் பாகங்கள் பலவற்றைப் பிரிட்டனில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆனால் சுங்க வரி, கூரியர் எல்லாம் சேரும்போது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது என்பதால் கதவுத் தகடுகள் அங்கும் கிடைக்காது. சென்னைப் புதுப்பேட்டையில் உள்ளவை போன்ற பழைய இரும்புக் கடைகளில் தேட வேண்டும், இல்லையேல் டிங்கரிங் ஆளிடம் அடித்து வாங்க வேண்டும். ஆகவே மதிப்பீட்டை வேலைவாரியாக எழுதி வாங்குங்கள். மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வைத்துக் கணக்கிடுங்கள். முதலில் சேசிஸ், பிரேக், அடுத்து எஞ்சின், வயரிங். பெயின்டும் குரோமியமும் கடைசியில். கண்ணுக்கு அழகாக இருக்கிறதே என்று பெயின்டில் தொடங்கியவர்கள் மறுபடி அதை வெல்டிங்குக்காகச் சுரண்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம்விட முதலில் பார்க்க வேண்டியது ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழ். அது உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா, உயிரோடு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டி ‘விண்டேஜ்’ ஆகும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய்; ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். மாருதி எஞ்சினை ஏற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், செலவு குறையும் என்பது உண்மையானாலும், இந்தத் தகுதி போய்விடும். மேலும், விண்டேஜ் பதிவுள்ள வண்டியைக் கண்காட்சி, பேரணி, எரிபொருள், பராமரிப்பு போன்ற காரணங்களுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். வாராவாரம் மருதமலை போவது அதில் அடங்காது. உங்கள் ஆசைக்கு ஏற்றது சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு அதன் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

வரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும், லாபத்துக்கு விற்கும் எண்ணம் இருப்பதால் சொல்கிறேன். சொந்த உபயோகத்துக்கான கார் மூலதனச் சொத்தாகக் கருதப்படுவதில்லை. ஆனால் 20,000 ரூபாய்க்கு வாங்கி 21 லட்சத்துக்கு விற்கப்பட்ட 1931-ஆம் ஆண்டு ஃபோர்டு கார் பற்றிய வழக்கில், உண்மையில் சொந்தமாகப் பயன்படுத்தியதற்குச் சான்று இல்லை என்று கூறி, வரிவிலக்குத் தர மும்பை உயர் நீதிமன்றம் 2025-ல் மறுத்தது. பெட்ரோல், காப்பீடு, பராமரிப்பு ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். காப்பீடு எடுக்கும்போது வண்டியின் மதிப்பை நிறுவனத்தோடு பேசி, எழுத்தில் பெறுங்கள்.

நகையைப் பொறுத்தவரை, அது உங்கள் மனைவியின் சொத்து. கடிதத்தில் அவருடைய கருத்து ஒரு வரிகூட இல்லை. இந்த மாதம் ஷெட்டில் வேலையை நிறுத்தச் சொல்லி, கழற்றிய பாகங்களுக்குப் பட்டியலெடுத்து, அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஆர்சி சரியாக இருந்தால், ஓராண்டில் சேரும் 1.08 லட்சத்தைக் கொண்டு சேசிஸ் வேலையைத் தொடங்கலாம்.