மொட்டை மாடியில் பட்டன் ரோஜா: வெயில் காரணமா, தொட்டி காரணமா?

கேள்வி: ஓசூரிலிருந்து வந்த செடி என்று சொல்லி, வீட்டுப் பக்கம் வண்டியில் கொண்டுவந்தவரிடம் ஆறு பட்டன் ரோஜா வாங்கினேன். கறுப்பு பிளாஸ்டிக் கிண்ணத்திலிருந்து எடுத்து, ஆறு அங்குல வெள்ளைத் தொட்டிகளில் மாற்றி மொட்டை மாடியில் வைத்தேன். முதல் மாதம் இலை தெரியாத அளவுக்குப் பூத்தது. பங்குனி பிறந்ததும் இலையில் வெளிறிய புள்ளிகள் வந்தன, பிறகு மஞ்சளாகி உதிர்ந்தன. இலையின் அடியில் நூலாம்படை மாதிரி இருக்கிறது. வருகிற மொட்டும் பழுப்பாகிக் கருகுகிறது. முட்டை ஓடு, டீத்தூள், எப்சம் உப்பு எல்லாம் போட்டுவிட்டேன். இரண்டு செடி காய்ந்தே போயிற்று. திருச்சி வெயிலுக்கு இது வராதா? வீட்டுக்குள் வைக்கலாமா? என் கணவர், பிடுங்கிப் போட்டுவிட்டு இட்லிப்பூ வைக்கலாம் என்கிறார்.

பதில்: இட்லிப்பூவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். திருச்சியில் பட்டன் ரோஜா நன்றாகவே வரும். ஆனால் ஆறு அங்குலத் தொட்டியில், தளத்தின் மேல் நேராக வைத்தால் வராது. காய்ந்துபோனதாகச் சொல்லும் இரண்டையும் எறிவதற்கு முன், தண்டின் அடிப்பகுதியை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அந்தப் பச்சை வரைக்கும் வெட்டிவிட்டு மற்றவற்றோடு சேர்த்தே கவனியுங்கள். பழுப்பாக, உலர்ந்து இருந்தால் விட்டுவிடலாம்.

முதலில் அந்த நூலாம்படை. அது சிவப்புச் சிலந்திப்பேன். வெறும் கண்ணுக்கு நகரும் தூசி போலத்தான் தெரியும். ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டினால், விழுந்த துகள்களில் சில ஊர்ந்து போவதைப் பார்க்கலாம். இலையின் அடியில் இருந்து சாற்றை உறிஞ்சுவதால்தான் மேலே வெளிறிய புள்ளி விழுகிறது. சூடும் வறண்ட காற்றும் இருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும். வெயில் ஏறிய பங்குனியில் இது உங்கள் மாடிக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை.

இதற்கு முதல் மருந்து தண்ணீர்தான். மிக மோசமான இலைகளைக் கிள்ளி, உறையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு காலை வேளையில் ஒரு கையால் செடியைச் சாய்த்துப் பிடித்து, ஹோஸ் குழாயின் வாயை விரலால் அழுத்தி, இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகப் பீய்ச்சுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். ஒருமுறை கழுவி நிறுத்தினால் முட்டையிலிருந்து பொரிப்பவை மறுபடி ஏறிக்கொள்ளும். நடுவில் வாரம் ஒருமுறை, லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் இறங்கிய பிறகு அடியிலும் மேலும் தெளியுங்கள். முதலில் ஒரு செடியில் தெளித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். நனையும் கந்தகத்தை, அதாவது தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகப் பொடியை, யாராவது சொல்வார்கள். நல்ல மருந்துதான், ஆனால் சித்திரை வெயிலில் இலையைச் சுட்டுவிடும். வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் கூடவே கூடாது. கடையில் கொடுக்கிற பொதுவான பூச்சிமருந்தையும் அடிக்காதீர்கள். பேனைத் தின்கிற நன்மை செய்யும் பூச்சிகள் முதலில் சாகும், பேன் முன்னைவிட அதிகமாகும்.

கருகும் மொட்டு வேறு கதை. ஒரு மொட்டைப் பிரித்துப் பாருங்கள். இதழ்களுக்கு நடுவே மெலிந்த, மஞ்சளான பூச்சி இருந்தால் அது இலைப்பேன். அப்படிப்பட்ட மொட்டுகளைப் பறித்து அழித்துவிடுங்கள். எப்படியும் இந்த ஒரு மாதம் செடி பூக்க வேண்டாம். வருகிற மொட்டை எல்லாம் கிள்ளிவிட்டால் அந்தத் தெம்பு வேருக்கும் இலைக்கும் போகும்.

இப்போது தொட்டிக்கு வருவோம். உண்மையான கோளாறு இங்கேதான்.

பட்டன் ரோஜா ஓரடி, ஒன்றரை அடிதான் வளரும். அதைப் பார்த்து வேரும் அதற்கேற்றபடி கொஞ்சம்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். இதன் முன்னோர்களில் ஒன்று சீனத்து ரோஜாவின் குள்ள வகை. முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி, சுவிட்சர்லாந்தில் ஒரு கிராமத்து வீட்டுச் சன்னலில் சட்டியில் வளர்ந்துகொண்டிருந்ததை ரூலே என்ற ராணுவ அதிகாரி கவனிக்க, அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். பிறகு ஹாலந்திலும் ஸ்பெயினிலும், அதற்கப்புறம் கலிபோர்னியாவில் ரால்ஃப் மூர் கையிலும் நூற்றுக்கணக்கான வகைகள் வந்தன. சீன ரோஜாவின் குணம், பருவம் பார்க்காமல் ஆண்டு முழுக்கப் பூப்பது. ஓயாமல் பூக்கிற செடிக்குத் தண்ணீரும் சத்தும் ஓயாமல் வேண்டும். சன்னலோரச் சட்டி அந்தக் குளிர் ஊருக்குச் சரி. திருச்சியில் மதியம் இரண்டு மணிக்குச் சிமெண்டுத் தளத்தில் இருக்கும் ஆறு அங்குலத் தொட்டி, அடுப்பில் ஏற்றிய சட்டிதான். வெந்த வேர் தண்ணீர் எடுக்காது. நீங்கள் ஊற்றியும் செடி வாடும்.

இன்னொன்றும் உண்டு. நர்சரியில் இவற்றைப் பெரும்பாலும் தேங்காய் நார்த்தூளில் வளர்க்கிறார்கள். நீங்கள் மாற்றும்போது சுற்றிலும் தோட்டத்து மண் போட்டிருப்பீர்கள். நடுவில் இருக்கும் நார்த்தூள் உருண்டை ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால், மறுபடி சுலபமாக நனையாது. ஊற்றுகிற தண்ணீர் சுற்றியுள்ள மண் வழியாக இறங்கி அடி ஓட்டையில் வெளியேறும். நீங்கள் ஈரம் இருக்கிறது என்று நினைப்பீர்கள், வேர் இருக்கும் இடம் பொடியாக உலர்ந்திருக்கும். தொட்டியோடு ஒரு வாளித் தண்ணீரில் வைத்து, குமிழி நிற்கும் வரை கால் மணி நேரம் ஊறவிடுங்கள். தூக்கும்போது கனம் தெரியும். அந்தக் கனத்தைக் கைக்குப் பழக்கிக்கொண்டால் பிறகு எப்போது தண்ணீர் விடுவது என்று யாரையும் கேட்க வேண்டாம்.

ஊறிய மறுநாள் மாலை, பத்து அங்குல அகலமும் அதே ஆழமும் உள்ள மண்தொட்டிக்கோ, வெள்ளை நிற வளர்ப்புப் பைக்கோ மாற்றுங்கள். சித்திரை மாதம் வேரில் கை வைக்கிற காலம் இல்லை. அதனால் மண் உருண்டையை உடைக்காமல், வேரைப் பிரிக்காமல் அப்படியே இறக்குங்கள். ஒரே கிண்ணத்தில் மூன்று நான்கு குச்சிகள் சேர்த்து நட்டிருந்தாலும் இப்போது பிரிக்க வேண்டாம். சுற்றி நிரப்பும் கலவைக்குச் செம்மண் இரண்டு பங்கு, மட்கிய மாட்டெருவோ மண்புழு உரமோ ஒரு பங்கு, கழுவிய நார்த்தூள் ஒரு பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்த்தூளைக் கழுவச் சொல்வது அதில் உப்பு இருக்கும் என்பதால். அடியில் ஜல்லி பரப்ப வேண்டாம், ஓட்டையை ஓர் ஓட்டுத் துண்டால் மூடினால் போதும்.

மாற்றிய தொட்டிகளை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அடியில் காற்று போகட்டும். இடம் மாடிப்படி அறைக்குக் கிழக்குப் பக்கம். காலை வெயில் பதினொன்று, பன்னிரண்டு மணி வரை கிடைத்து, பிறகு சுவர் நிழல் விழும். அப்படி இடம் இல்லையென்றால் ஐம்பது சதவீத நிழல்வலை கட்டுங்கள். ஆவணி வாக்கில் வலையை எடுத்துவிடலாம். ரோஜாவுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும் என்பது பட்டன் ரோஜாவுக்கும் பொருந்தும். ஆகவே வீட்டுக்குள் வைக்கும் பேச்சே வேண்டாம். உள்ளே போனால் கொடி மாதிரி நீண்டு, இலை கொட்டிவிடும், பேனும் கூடும்.

தண்ணீர், கத்திரி முடியும் வரை காலையில் நிறைய, மாலையில் மண் தொட்டுப் பார்த்து. போர்வெல் தண்ணீர்தான் என்றால், தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். மாதம் ஒருமுறை அடியில் தாராளமாக வழியும் அளவுக்கு ஊற்றி அந்த உப்பைக் கழுவி விடுங்கள். பிடித்துவைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதைவிட நல்லது இல்லை.

முட்டை ஓடு, டீத்தூள் விஷயம். முட்டை ஓடு மட்கப் பல மாதம் ஆகும். ஏற்கெனவே சுண்ணாம்புத் தன்மை உள்ள தண்ணீருக்கு மேலும் சுண்ணாம்பு எதற்கு? பாலும் சர்க்கரையும் கலந்த டீத்தூள் எறும்புக்கும் பூஞ்சாணத்துக்கும் விருந்து. எப்சம் உப்பு தருவது மெக்னீசியம். அது குறைந்தால் பழைய இலைதான் முதலில் மஞ்சளாகும். புதுத் துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை, அதற்கு எப்சம் உப்பு உதவாது. அப்படித் தெரிந்தால் கீலேட் வடிவ இரும்பு (செடி சுலபமாக எடுத்துக்கொள்ளும் வடிவம்), லிட்டருக்கு அரை கிராம், மாலையில் இலைவழி கொடுங்கள். இப்போதைக்கு உரம் எதுவும் வேண்டாம். புதுத் துளிர் இரண்டு அங்குலம் வந்த பிறகு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஈர மண்ணில், 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு 2 கிராம் கரைத்து ஊற்றுங்கள். இல்லை, கடலைப் புண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்து, தெளிந்த நீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்தும் விடலாம். வாடைதான் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

மறுபடி பூக்கத் தொடங்கியதும், வாடிய பூவை மட்டும் கிள்ளாமல், கீழே ஐந்து சிற்றிலை உள்ள முதல் இலைக்குச் சற்று மேலே வெட்டுங்கள். பெரிய கவாத்து அக்டோபரில். செடியின் பாதி உயரத்துக்கு வெட்டலாம். பெரிய ரோஜாவுக்குப் பார்ப்பதுபோல் எந்தக் கணு, எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு குச்சியாக ஆராயத் தேவையில்லை. வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சாணக் கொல்லிப் பசையைத் தொட்டு வையுங்கள், ஐப்பசி மழையில் நுனி கருகி இறங்காமல் இருக்கும். சுமார் நாற்பது, நாற்பத்தைந்து நாளில் பூ வரும்.

வெட்டிய குச்சிகளை வீணாக்காதீர்கள். பட்டன் ரோஜா பெரும்பாலும் ஒட்டுச்செடி இல்லை, சொந்த வேரிலேயே நிற்பது. நான்கு அங்குலக் குச்சியாக, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, மேலே இரண்டு இலை விட்டு, மணலும் நார்த்தூளும் சரிபாதி கலந்து நட்டு, நிழலில் பாலித்தீன் உறையால் மூடினால் மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். அதே காரணத்தால், அடியிலிருந்து கிளம்பும் புதுத் தண்டைக் காட்டுத்துளிர் (ஒட்டுச்செடியில் ஒட்டுக்குக் கீழேயிருந்து வரும் வேண்டாத தண்டு) என்று யாராவது சொன்னாலும் வெட்டிவிடாதீர்கள். அடுத்த வருடப் பூ அந்தத் தண்டில்தான் அதிகம் வரும்.