காது கேட்கும் பரிசோதனையில் என்னென்ன செய்வார்கள்?

பாம்பனில் விசைப்படகுக்குப் போகும் உங்கள் அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது, பரிசோதனை என்றாலே வலிக்குமோ என்று பயப்படுகிறார் என எழுதியிருக்கிறீர்கள். வலிக்கவே வலிக்காது. ஊசி, மயக்க மருந்து எதுவும் கிடையாது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

முதலில் எத்தனை வருஷமாக இன்ஜின் பக்கத்தில் வேலை, காதுக்குள் இரைச்சல் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று விசாரிப்பார்கள். லைட் அடித்துக் காதுக்குள் பார்ப்பார்கள். அழுக்கு அடைத்திருந்தால் அதை எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

அப்புறம் சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி உட்கார வைப்பார்கள். 'பீப்' கேட்டதும் பட்டனை அழுத்த வேண்டும். சத்தம் தேயத் தேய, கேட்டதா இல்லையா என்றே சந்தேகம் வரும். லேசாகக் கேட்டாலும் அழுத்தச் சொல்லுங்கள்; அந்த மிகச் சிறிய சத்தம்தான் அவர்களுக்கு வேண்டியது. பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் சின்னக் கருவி வைத்து இதையே மறுபடி செய்வார்கள். இரண்டையும் ஒப்பிட்டால் கோளாறு நடுக்காதிலா, உள்காதிலா என்று தெரிந்துவிடும். எந்தச் சுருதியில் எவ்வளவு கேட்கிறது என்பதை ஒரு வரைபடமாகப் போடுவார்கள். இன்ஜின் இரைச்சலால் வந்த பாதிப்பு, அதில் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் (கீச்சென்ற உயர்ந்த சுருதி) பக்கம் பள்ளமாக விழும். "சத்தம் கேட்குது, பேச்சுதான் புரியல" என்பவர்களுக்குச் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வதும் உண்டு.

ஒன்று முக்கியம்: கரை சேர்ந்த அன்றே கூட்டிப்போகாதீர்கள். இரைச்சலில் இருந்து வந்த காது கொஞ்ச நேரம் மந்தமாகவே இருக்கும், அளவு தப்பாக வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் இதற்குத் தோதானது. வரைபடத்தின் நகலை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை ஒப்பிட அது வேண்டும்.