ஆறு பேரும் ஏன் சேர்ந்து அடிக்கவில்லை?

கேள்வி: பழைய சூப்பர் ஹீரோ காமிக்ஸ் என்றாலே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்கள். அண்மையில் ஸ்பைடர்மேனின் 1964 ஆண்டு மலரைப் படித்தேன். ஆறு வில்லன்கள் கூட்டணி சேர்கிறார்கள். அப்புறம் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒவ்வொருவராக வந்து அடி வாங்கிப் போகிறார்கள்! ஆறு பேரும் ஒன்றாகப் பாய்ந்திருந்தால் மூன்று பக்கத்தில் கதை முடிந்திருக்கும். இந்தச் சிறுபிள்ளைத்தனமா கிளாசிக்? சின்ன வயதில் தமிழ் லயன் காமிக்ஸில் படித்த ஸ்பைடரே இதைவிட மேல்.
- ஒரு வாசகர், கரூர்

பதில்: வரிசையாக வருகிறார்கள் என்பதைக் கவனித்த நீங்கள், ஏன் அப்படி வருகிறார்கள் என்பதையும் கவனித்திருக்கலாம். கதையிலேயே அது இருக்கிறது. ஸ்பைடர்மேனை ஒழித்தவன் என்ற பெயர் தனக்கு மட்டுமே வேண்டும் என்று ஆறு பேரும் நினைக்கிறார்கள். அடுத்தவனுக்கு அதில் பங்கு கொடுக்க ஒருவனுக்கும் மனசில்லை. கதை எழுதியவர்கள் அசந்துபோன இடம் என்று நீங்கள் நினைப்பது, அந்த ஆறு பேரின் குணம்.

எலெக்ட்ரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு மலருக்குச் சில மாதங்கள் முன்பு, ஸ்பைடர்மேன் மாத இதழின் 9ஆம் இதழில்தான் அவன் அறிமுகம். மின்கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன். கூட வேலை செய்பவர் ஒருவர் கம்பத்தின் மேல் ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார். போய்க் காப்பாற்று என்றால், நூறு டாலர் கொடுத்தால் ஏறுகிறேன் என்கிறான். அதற்குப் பிறகுதான் மின்னல் தாக்கி அவனுக்குச் சக்தி வருகிறது. தோழனின் உயிருக்கே கூலி பேசியவன், கிரேவனோடும் சாண்ட்மேனோடும் தோளோடு தோள் நின்று சண்டை போடுவானா? கிரேவன் வேட்டைக்காரன், தன் இரையை இன்னொருவன் தொட்டால் அவனுக்கு ஆகாது. மிஸ்டீரியோ சினிமாத் தந்திரக் காட்சிகளில் ஊறியவன். அவனுக்குத் தன் வித்தையைத் தனியாகக் காட்டியாக வேண்டும். வல்ச்சரும் அப்படித்தான். இவர்களைக் கூட்டிச் சேர்த்த டாக்டர் ஆக்டோபஸ் பெரிய அணு விஞ்ஞானி. ஒன்றாகத் தாக்கினால் வெற்றி என்கிற கணக்கு அவருக்குத் தெரியாதா? ஆனாலும் கடைசிச் சண்டையைத் தனக்கென்று வைத்துக்கொள்கிறார்.

இப்போது நீங்கள் கவனிக்காமல் தாண்டிப்போன இடத்துக்கு வருகிறேன். இந்த மலரில் எனக்கு உயிரான இடம் அதுதான். கதையின் தொடக்கத்திலேயே ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கருக்குச் சக்தி போய்விடுகிறது. எந்த வில்லனும் பறிக்கவில்லை. தான் தடுக்காமல் விட்ட திருடன்தான் பென் பெரியப்பாவைச் சுட்டான் என்ற குற்ற உணர்ச்சி மனசில் கிடந்து குமைகிறது. அந்தப் பாரத்திலேயே சுவரில் ஒட்டும் கையும் உடம்பின் வலுவும் போய்விட்டதாக அவன் நம்புகிறான். அந்த நேரம் பார்த்து ஆக்டோபஸ் கூட்டம் பீட்டரின் காதலி பெட்டி பிராண்ட்டைக் கடத்துகிறது. அவளோடு இருந்த மே பெரியம்மாவும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறார். எலெக்ட்ரோ மின்நிலையத்தில் காத்திருக்கிறான். சக்தி இல்லை, போனால் சாவு என்று தெரிந்தும் பையன் உடையை மாட்டிக்கொண்டு போகிறான். அங்கே எலெக்ட்ரோ வீசும் மின்சாரம் பாய்ந்து வரும்போது உடம்பு தானாகத் துள்ளி விலகுகிறது. சாதாரண மனிதன் அப்படி விலகியிருக்க முடியாதே என்று அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. சக்தி எங்கேயும் போகவில்லை, இத்தனை நேரமும் உள்ளேதான் இருந்திருக்கிறது.

ஆறு பேரும் அந்த வாசலிலேயே நின்றிருந்தால் கதை முடிந்திருக்கும் என்கிறீர்களே, முழுக்க உண்மை. பீட்டர் உள்ளே காலெடுத்து வைக்கும்போது நம் வயிறு கலங்குவதும் அதனால்தான்.

ஸ்டீவ் டிட்கோவின் ஓவியத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. மாத இதழ்களில் டிட்கோ பக்கத்துக்கு ஏழு, எட்டு, ஒன்பது கட்டங்கள் என்று நெருக்கி வரைகிறவர். இந்த மலரில் அவருக்குக் கிடைத்தது 41 பக்கக் கதை. மாத இதழின் விலை 12 சென்ட், இதன் விலை 25 சென்ட், மொத்தம் 72 பக்கம். கிடைத்த இடத்தை அவர் எப்படிச் செலவழித்தார் என்று பாருங்கள். சின்னச் சின்னக் கட்டங்களில் ஓடிவரும் கதை, ஒவ்வொரு வில்லனோடும் மோதும் இடத்தில் ஒரு முழுப் பக்கமாக விரிகிறது. அப்படி ஆறு பக்கங்கள். மின்னல் தெறிக்கும் பக்கம் ஒரு மாதிரி, கிரேவனும் சிறுத்தைகளும் பாயும் பக்கம் வேறு மாதிரி. ராட்சதக் கண்ணாடி மீன் தொட்டிக்குள், தண்ணீரில் ஆக்டோபஸின் இயந்திரக் கைகளோடு பையன் போராடும் பக்கத்தைப் பார்க்கும்போது நமக்கே மூச்சு முட்டும். ஆறு பேரும் ஒரே குவியலாகப் பாய்ந்திருந்தால் இதில் ஒன்றும் கிடைத்திருக்காது.

மே பெரியம்மாவின் காட்சிகளும் எனக்கு மிகவும் பிடித்தவை. கடத்தியவர் ஆக்டோபஸ் என்பது புரியாமல், எவ்வளவு மரியாதையான மனிதர் என்று பெரியம்மா அவரை மெச்சிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் பெட்டி நடுங்கிக்கொண்டிருக்கிறாள். பத்து வருஷம் கழித்து, 1974இல் வந்த 131ஆம் இதழில் இதே பெரியம்மா அதே ஆக்டோபஸைக் கல்யாணம் செய்துகொள்ளும் அளவுக்குப் போனார்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். தோர், அயர்ன்மேன், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் என்று மார்வெலின் மற்ற நாயகர்கள் அங்கங்கே தலைகாட்டிவிட்டுப் போவது அவர்களுடைய இதழ்களுக்கான விளம்பரம்தான். பெரியம்மா உயிருக்குப் பயந்து பையன் ஓடுகிற வேகத்தை அது கெடுக்கிறது. மிஸ்டீரியோ எக்ஸ்-மென் உருவத்தில் ரோபோக்களை ஏவும் சண்டையும் எனக்கு ஒட்டவில்லை. குறை சொல்ல வேண்டுமென்றால் இவற்றைச் சொல்லியிருக்கலாம்.

சரி, நம் லயன் ஸ்பைடர். அவர் வேறு ஆள். 1965இல் பிரிட்டனின் ‘லயன்’ வார இதழில் பிறந்தவர். ரெக் பன் வரைந்தார், சூப்பர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்ரி சீகல் நிறையக் கதைகள் எழுதினார். ஹெலிகார் என்ற பறக்கும் வண்டியும் வலைத் துப்பாக்கியுமாக வந்த அவரை நானும் உங்களைப் போலவே உயிராக நேசித்தேன். ஆனால் அவர் தொடக்கத்தில் குற்ற உலகின் சக்கரவர்த்தி ஆகக் கிளம்பியவர். பூட்டுத் திறப்பதில் மன்னனான ஆர்டினியையும் விஞ்ஞானி பெல்ஹாமையும் கைக்குள் போட்டுக்கொண்டு, சொன்னதைச் செய்ய வைத்தார். ஆக்டோபஸுக்கு அந்தப் பிடி கிடைக்கவில்லை. இரண்டும் இரண்டு விதமான கதைகள், ஒன்றைக் காட்டி இன்னொன்றை மட்டம் தட்டாதீர்கள்.

புத்தகம் கையில் இருக்கிறது அல்லவா? இன்று ராத்திரி எலெக்ட்ரோ சண்டையை மட்டும் மறுபடி படியுங்கள். மின்நிலையத்துக்குள் நுழையும்போது அவனுக்குச் சக்தி இருப்பது அவனுக்கே தெரியாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். அதன் பிறகும் சிறுபிள்ளைத்தனம் என்று தோன்றினால் எழுதுங்கள், வெளியிடுகிறேன்.