ஊதும் பரிசோதனையில் குறைந்தால் ஒப்பரேஷன் கூடாதா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. திருக்கடலூரில் கடல்தொழில், சின்ன வயதிலிருந்தே பீடி. இரைப்பையில் புற்றுநோய்க் கட்டி, அடுத்த மாதம் ஒப்பரேஷன். குழாயில் ஊதும் பரிசோதனையில் 58 வீதம் வந்தது. ஒட்சிசன் 96, ஹீமோகுளோபின் 9.6. இரண்டு கிழமைக்கு முன் நெஞ்சுச்சளியும் காய்ச்சலும் வந்து அன்டிபயோட்டிக் எடுத்தார். 'இந்த நெஞ்சோடு மேசையில் ஏற்றினால் திரும்பமாட்டார்' என்று சொந்தக்காரர் பயப்படுத்துகிறார்கள். விட்டுவிடவா?

பதில்: அந்த 58ஐ மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள், மகள். அவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் முதல் 1 விநாடியில் ஊதித்தள்ள வேண்டிய காற்றில் அவர் தள்ளியது அவ்வளவு என்பதே அதன் பொருள். நுரையீரலில் ஒரு பகுதியையே வெட்டியெடுப்பதென்றால் அந்த எண் மிக முக்கியம். வயிற்று ஒப்பரேஷனுக்கு அது மட்டும் போதாது.

மேல்வயிற்றைக் கீறினால் நோவில் ஆழமாக மூச்செடுக்க முடியாது. நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், சளி தேங்கும், நியூமோனியா பிடிக்கும். இதை முன்கூட்டிக் கணிக்க, ஸ்பெயினின் கட்டலோனியாவில் செய்த ஆய்விலிருந்து 2010இல் வந்த 'அரிஸ்கட்' கணக்கு இருக்கிறது. அதில் ஊதும் பரிசோதனையே சேரவில்லை. அப்பாவுக்குப் போட்டுப் பார்த்தேன்: வயதுக்கு 3, மேல்வயிற்றுக் கீறலுக்கு 15, மூன்று மணித்தியாலத்தைத் தாண்டினால் 23, ஒரு மாதத்துக்குள் வந்த நெஞ்சுச்சளிக்கு 17, இரத்தக் குறைவுக்கு 11. மொத்தம் 69. 45ஐத் தொட்டாலே ஆபத்து அதிகம் என்று கொள்வோம். ஆனால் கடைசி இரண்டும் மாற்றக்கூடியவை. அவை கழிந்தால் 41; நடுத்தர ஆபத்து.

ஆகவே சத்திரசிகிச்சை நிபுணரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: இரும்புச்சத்தை ஊசியாக ஏற்றலாமா, சளி வந்து ஒரு மாதம் கடந்தபின் திகதி வைக்கலாமா? புற்றுநோய் என்பதால் எவ்வளவு தள்ளலாம் என்பது அவர் முடிவு. மயக்கமருந்து வைத்தியரிடம், கோணேசர் கோயில் ஏற்றத்தை அப்பா நிற்காமல் ஏறுவாரா என்பதையும் சொல்லுங்கள். அதுவும் ஒரு பரிசோதனைதான்.

பீடியை இன்றே நிறுத்த வேண்டும். கடைசி நேரத்தில் விட்டால் கெடுதி என்று சொல்வதை நம்பவேண்டாம். இன்ஹேலர் தந்திருந்தால் ஒப்பரேஷன் அன்று காலையிலும் இழுக்கட்டும்.

மூச்சுப்பயிற்சியை வார்டில் படுத்தபின் பழக முடியாது, நோ விடாது. பிசியோதெரபிஸ்டிடம் இப்போதே கூட்டிப்போங்கள். ஆழமாக இழுத்து, இரண்டு மூன்று விநாடி பிடித்து, மெல்ல விடவேண்டும். தலையணையை வயிற்றில் அணைத்துப்பிடித்து இருமவும் பழகட்டும். பிறகு நோவைப் பொறுத்துக்கொண்டு கிடக்கவிடாதீர்கள். மருந்து கேளுங்கள், வைத்தியர் சம்மதித்தால் மறுநாளே கதிரையில் இருத்துங்கள். காய்ச்சலோ மூச்சு வாங்குவதோ தெரிந்தால் ரவுண்ட்ஸ் வரும்வரை காத்திராமல் உடனே தாதியிடம் சொல்லுங்கள்.