தொட்டியில் வெந்நீர் கலக்கலாமா?

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் அம்மா, 71 வயதில் ஞானஸ்நானம் எடுக்க விரும்புகிறார். ஜனவரிக் குளிரில் முழுக்கு தாங்குமா? வெந்நீர் கலந்தால் செல்லாது என்கிறார் ஒரு விசுவாசி.
- வாசகி, கோத்தகிரி

பதில்: அந்த விசுவாசி முதலில் உறைபனி விழுந்த காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துக் காட்டட்டும், அப்புறம் பேசலாம்!

ஆதித் திருச்சபையின் 'திதாகே' என்ற கையேடு இதற்கு எப்போதோ வழி சொல்லிவிட்டது. ஓடும் நீர் நல்லது. இல்லையென்றால் வேறு நீர். குளிர்ந்த நீர் முடியாவிட்டால் வெந்நீர். போதிய தண்ணீரே இல்லையா, தலையில் மூன்று முறை ஊற்று.

முழுக்குக்கு ஓர் அழகு உண்டு, மறுக்கவில்லை. கிறிஸ்துவோடு அடக்கம் பண்ணப்பட்டு, புது ஜீவனுக்கு எழுகிறோம் என்று ரோமர் 6-இல் பவுல் எழுதுவதை உடம்பே அனுபவிக்கிறது. பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபையார் அதில் உறுதியாக நிற்பது இதனால்தான். நான் சி.எஸ்.ஐ. ஆயர், பெரும்பாலும் கையால்தான் ஊற்றியிருக்கிறேன். அதுவும் ஞானஸ்நானம்தான்.

மேட்டுப்பாளையம் இறங்கிப் பவானியில் கொடுக்கலாம் என்று யாராவது கிளம்புவார்கள். வேண்டாம். பில்லூர் அணையைத் திறந்தால் ஆற்றில் திடீரென நீர் ஏறும். தொட்டியே போதும், வெந்நீரைத் தாராளமாகக் கலக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு இதயக் கோளாறு, மூச்சிரைப்பு இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். ஏப்ரல் வரை தள்ளிப்போட்டாலும் பயமில்லை. இயேசுவின் பக்கத்துச் சிலுவையில் தொங்கியபடியே பரதீசு வாக்குப் பெற்ற கள்ளன் எந்தத் தொட்டியில் இறங்கினான்?